முட்கம்பிக்குள் போன வில்லை: டோயோ மியாதாகே என்ற புகைப்படக்காரர்

1941 டிசம்பர் 7ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. அந்த மாதம் முடிவதற்குள் அமெரிக்காவின் மேற்குக் கரையோர மாநிலங்களில் வாழ்ந்த ஜப்பானியக் குடியேறிகளுக்கு ஓர் உத்தரவு வந்தது. வீட்டிலுள்ள சிற்றலை வானொலிப் பெட்டிகளையும் கமராக்களையும் பொலிஸாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னால் அதில் ஒரு நியாயம் உண்டு. பிள்ளையின் பிறந்தநாளுக்கும் கல்யாண வீட்டுக்கும் படம் பிடித்த கமராவை எதற்காகக் கேட்டார்கள்? துறைமுகங்களையும் விமானத் தொழிற்சாலைகளையும் படமெடுத்து எதிரி நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருந்ததா என்று பிற்காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் நியமித்த ஆணைக்குழு ஒன்று ஆராய்ந்தது. மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் உளவு பார்த்ததற்கோ நாசவேலை செய்ததற்கோ ஆவணப்படுத்தப்பட்ட ஒரு சம்பவம்கூட இல்லை என்று 1983இல் அது எழுதிவைத்தது. ஆனால் அதற்கிடையில் நாற்பது வருடங்களுக்கு மேல் போய்விட்டன.

கமரா அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட அதே நாட்களில், அவர்களை நோக்கித் திரும்பிய கமராக்களும் இருந்தன. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு வாசிக்கப்பட்ட 'லைஃப்' சஞ்சிகை 1941 டிசம்பர் 22ஆம் திகதி இதழில் இரண்டு முகங்களைப் பெரிதாகப் பிரசுரித்தது. ஒன்று சீன அரச அதிகாரி ஒருவருடையது. மற்றையது ஜப்பானியப் பிரதமர் டோஜோவினுடையது. மூக்கு, கண்ணிமை, தாடை என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி, நண்பனான சீனனையும் எதிரியான ஜப்பானியனையும் முகத்தைப் பார்த்தே பிரித்தறிவது எப்படி என்று வாசகருக்குப் பாடம் நடத்தியது அந்தப் பக்கம். நானும் பாடம் நடத்துகிறவன்தான். கரும்பலகையில் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கும் அதே முறையில் மனித முகத்தைக் குறித்து வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது.

இந்தக் காலத்தில்தான் டோயோ மியாதாகே என்ற மனிதர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு ஸ்டூடியோ நடத்திக்கொண்டிருந்தார். புகைப்பட வரலாறு படித்தவர்களுக்கு அவரது பெயர் நன்கு தெரியும். தமிழில் அவரைப் பற்றி நான் அதிகம் வாசித்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மியாதாகே 1895இல் ஜப்பானின் ஷிகோகு தீவிலுள்ள ககாவா மாகாணத்தில் பிறந்தார். தந்தை முன்னதாகவே அமெரிக்கா சென்றிருந்தார். 1909இல் மகனும் போய்ச் சேர்ந்தார். லொஸ் ஏஞ்சல்ஸில் ஜப்பானியர்கள் செறிந்து வாழ்ந்த பகுதிக்கு லிட்டில் டோக்கியோ என்று பெயர். கடைகள், கோவில்கள், பத்திரிகைகள், உணவகங்கள் என்று ஒரு சிறிய ஊர் பெரிய நகரத்துக்குள் இருந்தது. அங்குதான் அவர் வளர்ந்தார். இருபத்தொரு வயதளவில் புகைப்படக் கலையில் இறங்கி, ஹாரி ஷிகேட்டா என்ற தேர்ந்த புகைப்படக்காரரிடம் தொழில் பழகினார். 1923இல் லிட்டில் டோக்கியோவில் ஒரு ஸ்டூடியோவைத் தனது கைக்கு எடுத்தார்.

அவர் வெறும் கல்யாணப் படக்காரர் அல்ல. அக்காலத்தில் கலிபோர்னியாவில் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர்களின் வட்டம் ஒன்று சுறுசுறுப்பாக இயங்கியது. நிழலையும் வெளிச்சத்தையும் வைத்து, ஓவியம் போன்ற படங்களை எடுத்தவர்கள் அவர்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எட்வர்ட் வெஸ்டன் அப்போது பணக் கஷ்டத்தில் இருந்தார். அவரது படங்களை லிட்டில் டோக்கியோவில் காட்சிக்கு வைக்க உதவியவர்களில் மியாதாகேயும் ஒருவர். அந்தப் படங்களை விரும்பிக் காசு கொடுத்து வாங்கியவர்களும் அங்கிருந்த ஜப்பானியர்களே. நடனக் கலைஞர் மிச்சியோ இட்டோவின் நடனங்களை மியாதாகே எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. 1932இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக் நடந்தபோது ஜப்பானின் 'அசாஹி ஷிம்புன்' நாளிதழுக்காக அவர் படமெடுத்தார். ஆக, செய்திப் புகைப்படமும் அவருக்குத் தெரிந்த வேலைதான்.

ஒன்றை இங்கு சொல்ல வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் அங்கு வாழ்ந்தும் அவருக்கு அமெரிக்கப் பிரஜாவுரிமை இல்லை. அவர் கேட்காததால் அல்ல. ஜப்பானில் பிறந்தவர் அமெரிக்கப் பிரஜையாக முடியாது என்பது அன்றைய சட்டம். 1952 வரை அது மாறவில்லை. அந்த மண்ணில் பிறந்த அவரது பிள்ளைகள் பிரஜைகள், தகப்பன் அந்நியர். போர் வந்ததும் அந்நியர் என்ற சொல்லுக்கு முன்னால் எதிரி என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது.

1942 பெப்ரவரி 19ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ஆம் இலக்க நிறைவேற்று ஆணையில் கையொப்பமிட்டார். அந்த ஆணையில் ஜப்பானியர் என்ற சொல்லே கிடையாது. குறிப்பிட்ட பகுதிகளிலிருந்து எவரையும் வெளியேற்றும் அதிகாரம் இராணுவத்துக்கு வழங்கப்பட்டது, அவ்வளவுதான். யாரை வெளியேற்றுவது என்பதை இராணுவம் தீர்மானித்தது. சுவர்களிலும் விளக்குக் கம்பங்களிலும் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. சுமார் 120,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிறப்பால் அமெரிக்கப் பிரஜைகள். கையில் தூக்கக்கூடியதை மட்டும் எடுத்து வரலாம் என்றார்கள். கடைகளும் வீட்டுச் சாமான்களும் அரை விலைக்கும் கால் விலைக்கும் போயின.

அந்தத் தூக்கக்கூடிய சாமான்களுக்குள் மியாதாகே இரண்டு பொருட்களை மறைத்துக் கொண்டுபோனார். ஒன்று கமரா வில்லை, நாம் பேச்சில் லென்ஸ் என்று சொல்வது. மற்றையது பிலிமை வெளிச்சம் படாமல் பிடித்து வைக்கும் சட்டகம்.

ஏன் இந்த இரண்டு மட்டும்? இது விளங்கினால்தான் அவர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது விளங்கும். ஒளியியல் பாடத்தில் நான் மாணவர்களுக்கு ஒரு சிறு பரிசோதனை காட்டுவதுண்டு. வகுப்பறையின் யன்னல்களை மூடிவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைத்து, குவிவு வில்லை ஒன்றை எதிர்ச் சுவருக்குக் கிட்டப் பிடித்தால், யன்னலுக்கு வெளியேயுள்ள மரமும் வானமும் தலைகீழாகச் சுவரில் விழும். வில்லையைச் சற்று முன்பின் நகர்த்தினால் படம் தெளியும். பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இதற்குக் கைதட்டுகிறார்கள். அந்த வகுப்பறையே ஒரு கமராதான். கமரா என்பது வெளிச்சம் புகாத ஓர் இருட்டுப் பெட்டி. ஒரு பக்கத்தில் வில்லை, எதிர்ப் பக்கத்தில் பிலிம். பெட்டியை எந்தத் தச்சரும் செய்துவிடலாம். வில்லையை அப்படிச் செய்ய முடியாது. பல கண்ணாடித் துண்டுகளை நுணுக்கமாகத் தேய்த்து ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தியது அது. பிலிம் சட்டகமும் அப்படித்தான். வெளிச்சம் ஒரு கீறல் அளவு கசிந்தாலும் பிலிம் பழுதாகிவிடும். முகாமுக்குள் செய்ய முடியாதவை எவை என்று கணக்குப் பார்த்து, அவற்றை மட்டும் எடுத்துப் போயிருக்கிறார் மனிதர். முழுக் கமராவையும் கொண்டுபோயிருந்தால் வாசலிலேயே பிடிபட்டிருப்பார்.

அவரது குடும்பம் அனுப்பப்பட்ட இடத்தின் பெயர் மன்சானார். ஸ்பானிய மொழியில் அப்பிள் தோட்டம் என்று அர்த்தம். கலிபோர்னியாவின் கிழக்கே, சியரா நெவாடா மலையடிவாரத்தில், லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஏறத்தாழ 370 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் அது இருக்கிறது. கோடையில் கொளுத்தும் வெயில், குளிர்காலத்தில் உறைபனி, எந்தக் காலத்திலும் புழுதிக் காற்று. நாட்டிலிருந்த அத்தகைய பத்து முகாம்களில் இதுவும் ஒன்று. 36 குடியிருப்புத் தொகுதிகளில் மரப்பலகைக்கு மேல் தார்க் கடதாசி அடித்த நீண்ட கொட்டில்கள். 20 அடிக்கு 25 அடி அறை ஒன்றில் எட்டுப் பேர் வரை தங்கினார்கள். பலகை இடுக்குகளால் மண் உள்ளே வரும். மலசலகூடத்தில் ஆளுக்கு ஆள் மறைப்புக் கிடையாது. வயதான பெண்கள் அதற்காகவே இரவு வரும்வரை காத்திருந்தார்களாம். சுற்றிவர முட்கம்பி. எட்டுக் காவற்கோபுரங்களில் ஆயுதம் தாங்கிய சிப்பாய்கள். உச்ச கட்டத்தில் 10,000க்கும் அதிகமானவர்கள் அதற்குள் இருந்தார்கள்.

அந்த வாசலுக்குள் நுழைந்தபோது மியாதாகேக்கு நாற்பத்தாறு வயது. கிட்டத்தட்ட என் வயது. கட்டியெழுப்பிய தொழிலை விட்டுவிட்டு வந்தவர் முடங்கிப்போய் உட்கார்ந்திருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அவர் உட்காரவில்லை. பதின்ம வயது மகன் ஆர்ச்சியைத் தனியே கூப்பிட்டு, தன்னிடம் வில்லை இருப்பதைச் சொன்னார். இங்கு நடப்பதைப் பதிவுசெய்து வைப்பது புகைப்படக்காரனான தனது கடமை என்றும், இப்படியொன்று இனி ஒருபோதும் நடக்காதிருக்க அது உதவ வேண்டும் என்றும் மகனிடம் கூறியதாகப் பிற்காலத்தில் ஆர்ச்சி பல தடவை நினைவுகூர்ந்திருக்கிறார். முகாமிலிருந்த தச்சர் ஒருவர் அவருக்கு மரத்தால் ஒரு பெட்டி செய்துகொடுத்தார். வில்லையைப் பொருத்துவதற்கு மரை வெட்டிய தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்று பயன்பட்டது. குழாயைத் திருகினால் வில்லை முன்னுக்கும் பின்னுக்கும் போகும், படம் தெளியும். எவ்வளவு எளிமையான யோசனை! பார்ப்பவர்களுக்கு அந்தப் பெட்டி கமராவாகவே தெரியாது, சாப்பாட்டுப் பெட்டி என்றுதான் நினைப்பார்கள். பிலிம் எப்படி வந்தது? இரும்புச் சாமான் விற்கும் வியாபாரி ஒருவர், மியாதாகேயின் பழைய வாடிக்கையாளர், வெளியிலிருந்து இரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தார். தனக்கு எந்த இலாபமும் இல்லாத ஆபத்து ஒன்றை அந்த மனிதர் எடுத்திருக்கிறார்.

ஆள் நடமாட்டம் குறைந்த வேளைகள் பார்த்து மியாதாகே படமெடுத்தார். ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் இப்படிப் போயின. பிறகு அகப்பட்டுக்கொண்டார்.

அடுத்து நடந்ததைத்தான் இந்தக் கதையிலேயே மிக விசித்திரமான பகுதியாக நான் நினைக்கிறேன். முகாமின் பணிப்பாளராக இருந்தவர் ரால்ஃப் மெரிட். மியாதாகேயைத் தண்டிப்பதற்குப் பதிலாக, பகிரங்கமாகவே படமெடுக்க அவர் அனுமதித்தார். முகாமின் உத்தியோகபூர்வப் புகைப்படக்காரராக மியாதாகே ஆனார். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. தடுத்து வைக்கப்பட்டவர் கமராவை இயக்கக் கூடாது என்பது விதி. ஆகவே எங்கு நிற்பது, வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும், வில்லையை எவ்வளவு திருகுவது என்பதையெல்லாம் மியாதாகே செய்யலாம். கடைசியில் ஷட்டரை அழுத்துவது மட்டும் முகாம் ஊழியரான ஒரு வெள்ளையரின் கையாக இருக்க வேண்டும்!

ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். அப்படியானால் அந்தப் படத்தை எடுத்தது யார்? கண் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. இருபது வருடத் தொழில் அனுபவமுள்ள ஒரு கலைஞன் எல்லாவற்றையும் தயார்செய்துவிட்டு, கமராவைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். சட்டத்துக்குச் சமாதானம் கிடைத்துவிட்டது. மெரிட்டை நான் பழிக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொள்ள விரும்பிய நல்ல மனிதர் என்றே தோன்றுகிறது, அதற்கு இந்த நிபந்தனை ஒரு மறைப்பாக இருந்திருக்கலாம். ஆனால் ஓர் இனத்தவரின் விரலையே சந்தேகிக்கும் ஒரு விதியை வைத்துக்கொண்டு, அது பாதுகாப்புக்காக என்று சொன்ன நிர்வாகத்தின் முட்டாள்தனத்துக்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. சில காலத்தில் அந்த நிபந்தனையும் கைவிடப்பட்டது. அதன்பின் ஷட்டரை அவரே அழுத்தினார்.

முகாமின் கூட்டுறவு அமைப்பின் கீழ் ஒரு ஸ்டூடியோவும் உருவானது. முட்கம்பிக்குள் ஸ்டூடியோவில் யார் போய்ப் படம் எடுப்பார்கள் என்று நினைக்கலாம். எல்லோரும் போனார்கள். முகாமுக்குள் கல்யாணங்கள் நடந்தன, பிள்ளைகள் பிறந்தார்கள், வயதானவர்கள் இறந்தார்கள். மன்சானாரில் வீட்டுக் கமரா வைத்திருக்க எவருக்கும் அனுமதி இல்லாதபடியால், அந்த வருடங்களில் ஒரு குடும்பத்தின் முகங்கள் காகிதத்தில் மிஞ்ச வேண்டுமானால் மியாதாகேயிடம்தான் போக வேண்டும். இராணுவச் சீருடையில் வந்த இளைஞர்களும் அவருக்கு முன்னால் நின்றார்கள். ஆம், அமெரிக்க இராணுவத்தின் சீருடை. ஜப்பானிய அமெரிக்கர்களைக் கொண்ட 442ஆவது படைப்பிரிவு ஐரோப்பாவில் போரிட்டது. 1944இல் முகாம்களில் இருந்த இளைஞர்களுக்குக் கட்டாய இராணுவச் சேவையும் கொண்டுவரப்பட்டது. மகன் அமெரிக்காவுக்காகச் சாகப் புறப்படுகிறான், அவனை வழியனுப்பும் தாயும் தகப்பனும் அமெரிக்காவின் முட்கம்பிக்குள் நிற்கிறார்கள். இந்த முரண்பாட்டை விளக்கப் பத்துப் பக்கம் எழுதலாம். மியாதாகே அவர்களை ஒன்றாக நிறுத்திப் படமெடுத்துக் கொடுத்தார்.

ஆசிரியன் என்பதால் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது இன்னொரு விடயம். மன்சானாரில் உயர்தரப் பாடசாலை ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் கதிரையும் இல்லை, மேசையும் இல்லை, பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்தார்கள். அந்தப் பாடசாலையின் மாணவர்கள் 1943-44ஆம் ஆண்டுக்கு 'எங்கள் உலகம்' என்ற பெயரில் ஆண்டு மலர் ஒன்றை வெளியிட்டார்கள். அதற்கான படங்களை எடுத்தவர் மியாதாகே. எந்த ஒரு அமெரிக்கப் பாடசாலை மலரிலும் இருப்பவையே அதிலும் இருந்தன. மாணவர் மன்றம், இசைக்குழு, விளையாட்டு அணிகள், சிரிக்கும் முகங்கள். ஒரு பாடசாலை மலர் எவ்வளவு சாதாரணமான பொருள்! தாங்களும் சாதாரணப் பிள்ளைகள்தான் என்று காட்ட அந்தப் பிள்ளைகளுக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. கல்லூரி மலருக்குப் படம் எடுக்கும் நாளில் தலைவாரிக்கொண்டு வரும் மாணவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறவன் நான். இதை அற்ப விடயம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

மன்சானாரைப் படமெடுத்தவர் மியாதாகே மட்டுமல்ல. அமெரிக்காவின் மிகப் பெரிய புகைப்படக் கலைஞர்கள் இருவர் அங்கு வந்தார்கள். முதலில் வந்தவர் டொரோதியா லாங். பொருளாதார மந்த காலத்து ஏழை விவசாயிகளைப் படமெடுத்துப் பெயர் பெற்ற அவரை 1942இல் அரசாங்கமே கூலிக்கு அமர்த்தியது. வெளியேற்றம் மனிதாபிமானத்துடன் நடந்தது என்று காட்டப் படங்கள் தேவைப்பட்டன போலும். முட்கம்பி, காவற்கோபுரம், துப்பாக்கி ஏந்திய சிப்பாய் ஆகியவற்றை எடுக்கக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. ஆனாலும் லாங் கண்டது அநீதியைத்தான். மன்சானாரில் புழுதிப் புயலுக்கு நடுவே கொட்டில்களுக்கு மேல் அமெரிக்கக் கொடி பறக்கும் படம் அவருடையது. இராணுவம் அந்தப் படங்களை முடக்கி வைத்தது. போர் முடியும்வரை அவை வெளிவரவில்லை. பிறகும் பல வருடங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடந்தன.

அடுத்து 1943இல் வந்தவர் ஆன்சல் ஆடம்ஸ். மலைகளையும் வானத்தையும் எடுப்பதில் அவருக்கு நிகர் இல்லை. மெரிட்டின் அழைப்பில், சம்பளம் வாங்காமல் வந்தார். வயலில் வேலை செய்வோர், படிக்கும் பிள்ளைகள், தாதிமார், பின்னால் பனி மூடிய சிகரங்கள். எல்லோரும் நிமிர்ந்து நிற்கிறார்கள், பலர் சிரிக்கிறார்கள். மியாதாகேயையும் அவரது குடும்பத்தினரையும்கூட ஆடம்ஸ் படமெடுத்திருக்கிறார். 1944இல் இவற்றை நூலாகவும் வெளியிட்டார். இவர்கள் விசுவாசமான அமெரிக்கர்கள் என்று வாதாடும் நூல் அது. போர் நடந்துகொண்டிருக்கும்போது இப்படியொரு நூலைப் போடத் துணிவு வேண்டும். அதற்காக அவர் ஏச்சும் வாங்கினார்.

இந்த மூவரில் யார் உண்மையைக் காட்டினார்கள் என்று கேட்பது வழக்கம். லாங் துயரத்தைக் காட்டினார், ஆடம்ஸ் கண்ணியத்தைக் காட்டினார் என்பார்கள். நான் இன்னொன்றைக் கவனிக்கிறேன். இருவருமே வந்து, எடுத்துவிட்டு, திரும்பிப் போனவர்கள். தங்கள் படத்திலுள்ளவர்களுக்காக வெளி உலகத்திடம் பேசினார்கள். ஒருவர் பரிதாபத்தைக் கேட்டார், மற்றவர் மரியாதையைக் கேட்டார். மியாதாகே எவரிடமும் எதையும் கேட்கவில்லை. அவரது படங்களில் இருப்பவர்கள் அவருக்கு அடுத்த கொட்டிலில் வசித்தவர்கள், சாப்பாட்டு வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர்கள். அவர்களைப் பாதிக்கப்பட்டவர்கள் என்றோ நல்லவர்கள் என்றோ நிரூபிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. அதனால் அவரது படங்களில் சலிப்பும் இருக்கிறது, கொண்டாட்டமும் இருக்கிறது. ஒரு மக்கள் கூட்டம் மூன்றரை வருடம் ஓரிடத்தில் கிடந்தால் எப்படியிருக்குமோ அப்படி இருக்கிறது. கலை நயத்தில் ஆடம்ஸின் சில படங்களுக்கு அவை ஈடாகாமல் இருக்கலாம். எனக்கு மன்சானார் தெரிவது அவற்றில்தான்.

மற்ற இருவருக்கும் தடுக்கப்பட்டிருந்ததையும் அவர் எடுத்தார். 1944இல் எடுத்த ஒரு படம் மிகவும் பிரசித்தம். மூன்று சிறுவர்கள் முட்கம்பிக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஒருவன் கம்பியைக் கையால் தொட்டுக்கொண்டிருக்கிறான். பின்னணியில் காவற்கோபுரம். அவர்கள் அழவில்லை, எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முதல் பார்வையில் பிள்ளைகளின் முகங்கள்தான் நம்மை இழுக்கும். சற்று நேரம் பார்த்தால் ஒரு சந்தேகம் வரும். முட்கம்பி பிள்ளைகளுக்கு முன்னால் இருக்கிறது, கமராவுக்கும் முன்னால் இருக்கிறது. அப்படியென்றால் படமெடுத்தவர் எங்கே நிற்கிறார்? வேலிக்கு வெளியே! அந்த வருடத்தில் கட்டுப்பாடுகள் ஓரளவு தளர்ந்திருந்தன. கைதியான அந்த மனிதர் வேலியைத் தாண்டிப் போய், திரும்பி நின்று, தானும் தன் பிள்ளைகளும் இருந்த இடத்தை வெளியிலிருந்து பார்த்து எடுத்திருக்கிறார். எடுத்து முடித்ததும் மீண்டும் உள்ளே போயிருப்பார். இன்னொரு படத்தில் ஆளே இல்லை. ஒரு கை மட்டும், முட்கம்பியில் குறட்டை வைத்துப் பிடித்திருக்கிறது. அதற்குப் பின்னாலும் அதே கோபுரம்.

1945 நவம்பர் 21ஆம் திகதி மன்சானார் மூடப்பட்டது. கொட்டில்கள் ஏலத்தில் போயின, காற்றும் மணலும் மிச்சத்தை மூடின. மியாதாகே குடும்பம் லொஸ் ஏஞ்சல்ஸுக்குத் திரும்பியபோது லிட்டில் டோக்கியோ பழைய ஊராக இருக்கவில்லை. ஜப்பானியர்கள் போன பிறகு தென் மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் அங்கு குடியேறியிருந்தார்கள், போர்க் காலத்தில் அதற்குப் பிரொன்ஸ்வில் என்று பெயர் வழங்கியது. வேறிடங்களில் வீடு வாடகைக்குக் கிடைக்காத அவர்களும் ஒதுக்கப்பட்டவர்களே. மியாதாகே ஸ்டூடியோவை மீண்டும் திறந்தார். கல்யாணம், பட்டமளிப்பு, குடும்பப் படம் என்று பழைய தொழில் தொடர்ந்தது. ஆர்ச்சியும் அதே தொழிலுக்கு வந்தார்.

முகாம் வாழ்க்கையைப் பற்றி அந்தத் தலைமுறையினர் பிள்ளைகளிடம்கூடப் பேசவில்லை. வெட்கமாக இருந்தது என்று பலர் பிற்காலத்தில் சொன்னார்கள். செய்யாத குற்றத்துக்கு ஏன் வெட்கப்பட வேண்டும் என்று வெளியிலிருந்து கேட்பது சுலபம். 1960களின் கடைசியில் பேரப் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 1969 டிசம்பரில் சுமார் நூற்றைம்பது பேர் மன்சானாருக்குப் பயணம் போனார்கள். ஆண்டுதோறும் அந்தப் பயணம் தொடர்கிறது. கேள்வி கேட்டவர்களுக்குக் காட்ட மியாதாகேயின் பெட்டிகளில் படங்கள் இருந்தன. 1978இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஆடம்ஸின் படங்களையும் மியாதாகேயின் படங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். அடுத்த வருடம், 1979இல், மியாதாகே காலமானார். அரசாங்கத்தின் மன்னிப்பைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1988இல் ஜனாதிபதி ரீகன் கையொப்பமிட்ட சட்டத்தின்படி உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் மன்னிப்பும் 20,000 டொலர் இழப்பீடும் கிடைத்தன. இறந்துபோனவர்களுக்கு அந்தப் பணம் இல்லை.

2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்க முஸ்லிம்கள் மீது சந்தேகம் கிளம்பியபோது, அது தவறு என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் ஜப்பானிய அமெரிக்க அமைப்புகளும் இருந்தன. அதன்பிறகு மன்சானார்ப் பயணத்தில் அமெரிக்க முஸ்லிம்களும் கலந்துகொள்ளத் தொடங்கினார்கள். இதைச் செய்தியாக எமது ஊடகங்களில் நான் அதிகம் கண்டதில்லை. எமது பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டிய செய்தி என்பதால் சேர்த்துச் சொல்கிறேன்.

லொஸ் ஏஞ்சல்ஸில் ஜப்பானிய அமெரிக்கத் தேசிய நூதனசாலை ஒன்று இருக்கிறது. அதன் பழைய கட்டடம் முன்னர் பௌத்த கோவிலாக இருந்தது. 1942இல் முகாம்களுக்குப் புறப்பட்ட குடும்பங்கள் பெட்டி படுக்கையுடன் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடங்களில் அதுவும் ஒன்று. அதன் முன்னால் 1993இல் சிற்பி நொபுஹோ நாகசாவா வெண்கலத்தில் ஒரு சிற்பம் செய்து வைத்தார். மியாதாகேயின் அந்த மரப்பெட்டிக் கமரா, மூன்று மடங்கு பெரிதாக. இரவு வேளைகளில் அவர் எடுத்த படங்களை அந்தக் கமராவிலிருந்து எதிரேயுள்ள கண்ணாடியில் விழும்படி அமைத்திருந்தார்கள். வில்லை பொருத்தப்பட்ட குழாயும் அச்சொட்டாக அப்படியே இருக்கிறது.